கருப்பர் முக்கில் இறங்கியவர்கள்

சைக்கிளை விட்டு இறங்குவதற்கு ஒரு முறை இருந்தது, நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மிதிப்பதை நிறுத்தி, இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றிக் கொண்டுவந்து, வண்டி ஓடும்போதே கூடவே கொஞ்சம் ஓடி நிற்க வேண்டும். அப்பா அதை அத்தனை லாவகமாகச் செய்வார். இப்போது எனக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

எதற்கெல்லாம் இறங்கினார்கள் அந்தக் காலத்தில்! வாத்தியார் எதிரே வந்தால் இறங்க வேண்டும். சம்பந்தி முறைக்காரர் வந்தால், பிணம் போனால், சப்பரம் வந்தால் இறங்க வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்து போவதே பிறருக்குச் செய்கிற அவமரியாதை என்பது போல ஒரு நினைப்பு. யார் வீட்டு முன்னால் யார் இறங்கியே தீர வேண்டும் என்று வேறொரு சட்டமும் ஊரில் இருந்தது. அது அசிங்கமான சட்டம். அதை எழுத இன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. நான் சொல்ல வந்தது கருப்பருக்கு இறங்கியதைப் பற்றி மட்டும்தான்.

எங்கள் ஊர் சாக்கோட்டைப் பக்கம். அறுபதுகளின் கடைசி, ரேஷன் அரிசிக்கு விடிகாலையிலேயே பையைப் போட்டு இடம் பிடித்த காலம். ஊரிலிருந்து காரைக்குடிக்குப் போகும் தார்ச்சாலை ஓரிடத்தில் கருப்பர் கோயில் காட்டைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கமாக வளையும். கோயில் என்றால் கட்டடம் கிடையாது. ஒரு பீடம், அதில் நட்டு வைத்த அரிவாள்கள், மூக்கும் காதும் உடைந்த மண் குதிரைகள், மேலே ஒரு பெரிய வேம்பு. சுற்றிலும் முள்ளும் புதருமாகக் காடு. அதில் ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது, அரிவாள் படக் கூடாது. அதனால் வளைவுக்கு அப்பால் என்ன வருகிறதென்று கிட்டே போகும்வரை யாருக்கும் தெரியாது. அந்த இடத்துக்குக் கருப்பர் முக்கு என்று பேர்.

கருப்பர் குதிரையில் இருக்கிறவர். அவருக்கு முன்னால் இன்னொருவன் சவாரி போகக் கூடாது என்பது ஊர்க் கட்டு. மாட்டு வண்டிக்காரனும் இறங்கித்தான் நடப்பான். காலையில் மில்லுக்குப் போகிற சைக்கிள் கூட்டம் முக்குக்கு வந்ததும் மொத்தமாக இறங்கும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, ரோட்டைக் குறுக்கே கடந்து கருப்பர் பக்கம் போய், வேம்பில் கட்டியிருக்கும் தகர டப்பாவிலிருந்து திருநீறு எடுத்துப் பூசி, காட்டை ஒட்டியே உருட்டிக்கொண்டு நடந்து, வளைவு தீர்ந்ததும் மறுபடி இடப்பக்கம் வந்து ஏறுவார்கள். தூக்குச் சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தமும், ராத்திரித் தூறலில் நனைந்த வேப்பம் பழத்தின் வாசனையும், வெறுங்காலில் தார்ச்சாலையின் சொரசொரப்பும் இன்னும் என்னோடு இருக்கின்றன. அந்த மாதிரிச் சாமான்கள்தான் மனதில் தங்குகின்றன. உருப்படியானதெல்லாம் மறந்துபோகிறது.

அப்பா அந்த மில்லில் வேலை பார்த்தார். அவர் எப்படியும் தினமும் போகிறவர் என்பதால், அவருடைய கேரியரில் உட்கார்ந்து சின்ன வகுப்பிலிருந்தே நானும் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அக்கா தன் சொந்தச் சைக்கிளில் வந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டுவது அப்போது வேடிக்கை. ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அக்காவுக்கு மேலே படித்து டீச்சர் டிரெய்னிங் போக வேண்டுமென்று ஆசை. பஸ்ஸோ பள்ளி நேரத்துக்கு வராது. அப்பா யோசித்தார். பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி. அவர்கள் வீட்டில் ரங்கூனிலிருந்து வந்த சாமான்களோடு ஒரு லேடீஸ் சைக்கிள் கிடப்பது அப்பாவுக்குத் தெரியும். போய்க் கேட்டதற்கு ஆச்சி சிரித்தாராம்.

"எடுத்துக்கிட்டுப் போப்பா. அதுல எலிதான் சவாரி போகுது. பொம்பளப் பிள்ளை போகட்டும்."

பச்சை வண்டி அது. பாவாடை சிக்கிக்கொள்ளாமல் இருக்கப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் நூல் வலை கட்டியிருந்தது. நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வலை அங்கங்கே நைந்திருந்தது. அம்மா உட்கார்ந்து மீன் வலைக்கு முடிச்சுப் போடுவது மாதிரி முடிச்சுப் போட்டுச் சரிசெய்தாள். அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டில் துளியும் இஷ்டமில்லை. முடிச்சைப் போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

"நீங்க சொல்றீக, நான் கேட்டுக்கிறேன். ஆனா அந்த முக்குல இவளுக்கு ஒரு கீறல் பட்டுச்சுன்னாலும் அன்னைக்கோட பள்ளிக்கூடம் நின்னுச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து நியாயம் பேசக் கூடாது."

அப்பா சரியென்றார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண்மாய்க்கு அங்குட்டுப் பொட்டலில் விழுந்து விழுந்து ஓட்டப் பழகினாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. அம்மாவுக்குத் தெரியாமல் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் நான்தான் தடவிவிடுவேன்.

பள்ளிக்கூடத்துக்கென்று அவளுக்கு வார் வைத்த செருப்பு வாங்கினார்கள். பக்கிள் மாட்டுகிற செருப்பு. எங்கள் வீட்டில் முதல் பக்கிள் அதுதான். முக்கில் மற்றவர்கள் காலை உதறிச் செருப்பைக் கழற்றுவார்கள். அக்கா வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு குனிந்து பக்கிளைப் பிரிக்க வேண்டும். அதனால் எப்போதும் அவள்தான் கடைசி.

அந்த வருடம் சாலையை அகலப்படுத்தினார்கள். கல் லாரிகள் வர ஆரம்பித்தன. ஒருநாள் காலை நாங்கள் காட்டை ஒட்டி உருட்டிக்கொண்டு போகும்போது எதிரே லாரி வந்துவிட்டது. ரோட்டில் அது லாரிக்காரனுடைய பக்கம்தானே. டிரைவர் ஒடித்துத் திருப்பி, மறுபக்கப் பள்ளத்தில் ஒரு சக்கரத்தை இறக்கி நிறுத்தினான். இறங்கி வந்து எல்லாரையும் திட்டினான்.

"சாகுறதுக்கு வேற எடம் கெடைக்கலையா? ராங் சைடுல வந்து நிக்கிறீங்க!"

மில் ஆட்கள் அவனோடு மல்லுக்கு நின்றார்கள். சாமி இடத்தில் ஹாரன் அடிக்கலாமா, செருப்புக் காலோடு நிற்கலாமா என்று. அப்பா மட்டும் லாரி வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு முழுக்க யோசனையாகவே இருந்தார். சாயங்காலம் திரும்பும்போது வளைவில் இறங்கி, காட்டின் ஓரத்திலும் எதிர் ஓரத்திலும் மாறி மாறி நின்று பார்த்தார். எதிர் ஓரத்தில் நின்றால் ரோடு நெடுந்தூரத்துக்குத் தெரிந்தது. கருப்பர் பக்கம் நின்றால் ஒன்றுமே தெரியவில்லை.

அதற்கப்புறம் அப்பாவுக்கு இதுவே பேச்சு. டீக்கடையில் பேசினார், மில் வாசலில் பேசினார், கதிரடிக்கிற களத்தில் பேசினார். "இடப்பக்கமே போவோம். இறங்காம, கும்பிடுறத மனசுல கும்பிட்டுக்குவோம். லாரிக்காரனுக்கு நாம தெரிவோம்" என்பார். இன்றைக்கு இதையெல்லாம் சாலைப் பாதுகாப்பு வாரம் என்று பேனர் கட்டிச் சொல்கிறார்கள். அப்பாவிடம் பேனர் இல்லை. மனுசர் தொண்டை கட்டிப் போய் வீட்டுக்கு வருவார். அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுப்பாள்.

பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் ஓவர்சீயரை ஒருநாள் கூட்டி வந்தார். ஓவர்சீயர் பார்த்துவிட்டு, புதரைக் கொஞ்சம் வெட்டினால் போதும் என்றார். வெட்ட ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஓவர்சீயரே அரிவாளை எடுக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

மில் ஆட்களில் பாதிப்பேர் அப்பா சொல்வது சரிதான் என்றார்கள். ஆனால் ஒருத்தராவது இறங்காமல் போகவேண்டுமே! அடுத்தவன் இறங்கும்போது நாம் மட்டும் இறங்காமல் போய், வீட்டில் மாடு செத்தால்கூட அதனால்தான் என்பார்கள் என்று பயம். கடைசியில் அப்பா ஊர் அம்பலத்தின் வீட்டுக்குப் போனார். அம்பலம் என்றால் ஊருக்குத் தலைவர், கோயில் காரியமெல்லாம் அவர் சொல்படிதான். நானும் கூடப் போயிருந்தேன். அம்பலம் ஈஸிசேரில் படுத்து விசிறிக்கொண்டிருந்தார். அப்பா சொன்னதையெல்லாம் கேட்டார். கொட்டாவி விட்டார்.

"ஏப்பா, நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. காலம் அப்படிக் கெடக்கு. அவனவன் மனசு போலப் போங்க. என்னை இழுக்காதீக."

இதைவிட என்ன வேண்டும்? அவ்வளவு பெரிய மனிதர் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகு, மறுநாள் காலையிலேயே இடப்பக்கம் போயிருக்கலாம். கொஞ்சநாள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிப்போகும். இப்போது எனக்குத் தெரிகிறது. அப்பாவுக்கு அப்போது தெரியவில்லை. அவருக்கு முழுச் சம்மதம் வேண்டியிருந்தது.

"அப்படிச் சொன்னா ஒருத்தனும் வர மாட்டான்யா. பூக்கட்டிப் பாத்துருவோம். கருப்பரே சொல்லட்டும். அவரு சொல்றதுக்கு நான் கட்டுப்படுறேன்."

அம்பலம் விசிறியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுக்க" என்றார். அப்பா யோசித்துவிட்டேன் என்றார். கருப்பர் தன் பிள்ளைகள் அடிபட வேண்டும் என்று சொல்வாரா என்பதுதான் அவருடைய யோசனை. அத்தனை நம்பிக்கை அவருக்குச் சாமிமேல்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்கு முன்னால் ஊரே முக்கில் கூடிவிட்டது. பூசாரி வெள்ளை நந்தியாவட்டையை ஒரு பூவரச இலையிலும் சிவப்பு அரளியை இன்னொரு பூவரச இலையிலும் மடித்து, ஒரே மாதிரி நாரால் கட்டி, குலுக்கிப் பீடத்தில் போட்டார். வெள்ளை வந்தால் இறங்காமல் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஒன்றுமறியாத பிள்ளை ஒன்று எடுக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒன்றுமறியாத பிள்ளையாம். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அக்கா கூட்டத்துக்குப் பின்னால் பச்சைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதட்டைக் கடித்திருப்பது எனக்குத் தெரிந்தது. கற்பூரப் புகையில் கண் எரிந்தது. இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரிதான் இருந்தன; என் பக்கமாக உருண்டிருந்ததை எடுத்தேன். பூசாரி பிரித்தார். அரளி.

 கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் முதுகு வேர்த்து ஈரமாக இருந்தது. "நீ என்னத்தா செய்வ" என்றார்.

நான் என்ன செய்வேன்? அந்த வயதில் அழுதேன். பிறகு பல வருடம் எனக்கு அந்தப் பொட்டலம் கனவில் வந்தது. இப்போது அதுவும் வருவதில்லை. குற்றம் என்று எதையும் நான் சுமக்கவில்லை. அலுப்புதான் இருக்கிறது. பக்கத்தில் கிடந்த இலையை ஒரு சின்னப் பிள்ளை எடுக்கிறது, அதை வைத்து ஒரு ரோட்டுக்கே சட்டம் போடுகிறார்கள்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளிலிருந்து மற்றவர்களைவிடச் சீக்கிரமே இறங்கினார். ரோட்டைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. காலை நேரம், தூறல். மில் ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள். நானும் அப்பாவும் திருநீறு பூசிக்கொண்டு வளைவைத் தாண்டிவிட்டோம். ஈரத்தில் பக்கிளின் வார் உப்பிப்போய், அக்காவுக்குக் கழற்ற வரவில்லை. ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கழற்ற முடியாமல் காலோடு இழுத்துக்கொண்டே, கருப்பர் பக்கத்துக்கு ரோட்டைக் கடந்திருக்கிறாள். எதிரே வந்த ஒரு லாரி எங்களைத் தாண்டி வளைவுக்குள் போனது. அடுத்து பிரேக் பிடிக்கிற சத்தம், அதற்கப்புறம் சைக்கிள் மணி. யாரும் அடிக்காமல் தானாகவே ஒருதரம் அடித்து நின்றது.

அப்பா என்னைக் கீழே இறக்கிவிடக்கூட இல்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். நானும் சைக்கிளோடு விழுந்தேன். எழுந்து ஓடிப் பார்த்தபோது அக்கா காட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடது கால் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. அழவில்லை. "அம்மாட்ட சொல்லாதீகப்பா, அம்மாட்ட சொல்லாதீக" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பள்ளிக்கூடம் போய்விட்டது என்பது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருந்தது.

லாரிக்காரரே தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார். எலும்பு கூடியது, முழங்கால் மட்டும் அதற்கப்புறம் சரியாக மடங்கவில்லை. பச்சைச் சைக்கிளின் பின்சக்கரம் எட்டு மாதிரி வளைந்துபோய், அம்மா முடிந்த வலை கம்பிகளில் சுற்றிக் கிடந்தது. ஒரு செருப்பு கிடைக்கவேயில்லை.

இதற்கு ஊர் என்ன சொன்னதென்று நினைக்கிறீர்கள்? அம்பலமே வீட்டுக்கு வந்தார், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு.

"கருப்பரு வண்டிய எடுத்துக்கிட்டுப் பிள்ளைய விட்டுட்டாரு பாத்தீகளா! இறங்கி நடந்ததாலதான் பொழச்சா. சவாரியா போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சவாரியாக இடப்பக்கம் போயிருந்தால் அந்த லாரிக்கும் அவளுக்கும் சம்பந்தமே இருந்திருக்காது என்று எனக்கே தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் ஆரஞ்சுப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தை பிறந்ததும் கருப்பருக்குக் கிடா வெட்டி, பிள்ளையைக் காப்பாற்றியதற்காக ஊருக்குச் சோறு போட்டோம். அதே முக்கில். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் கறிக்குழம்பு ஊற்றினார். வந்தவர்களெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி, கால் கழுவி, நன்றாகச் சாப்பிட்டார்கள்.

அக்காவின் புத்தகங்களை அம்மா பரணில் ஏற்றினாள். யாரும் அவளிடம் நியாயம் பேசவில்லை. நான் கேரியரில் உட்கார்ந்து போகிற சின்னப் பிள்ளை, எனக்கு அந்தத் தடை கிடையாது. நான் படித்தேன், சர்க்கார் வேலை பார்த்தேன், பென்ஷன் வாங்குகிறேன். அக்காவைக் கீழச்சிவல்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மாப்பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. அவள் பிள்ளைகளுக்கு வீட்டுக் கணக்கெல்லாம் அவளேதான் சொல்லிக் கொடுத்தாள், ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்.

அப்பா ரிட்டயர் ஆகும் வரை அந்த முக்கில் இறங்கினார். கடைசி வருடங்களில் காலைச் சுழற்ற முடியாமல், சைக்கிளைச் சாய்த்து, பாரைத் தாண்டிக் காலை எடுப்பார். அப்போதும் இறங்கினார்.

சில வருடங்களுக்கு முன்னால் அந்தச் சாலையை இன்னும் அகலமாக்கினார்கள். கருப்பர் குறுக்கே இருந்தார். ஒரு நாள் காலையில் பூசை போட்டு, கிரேன் கொண்டுவந்து, பீடத்தையும் குதிரைகளையும் தூக்கி, தள்ளி ஒரு பொட்டலில் வைத்துவிட்டார்களாம். வேம்பு போயிற்று, காடும் போயிற்று. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். பூக்கட்டிப் பார்த்தார்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். இப்போதைய அம்பலம், அந்த ஈஸிசேர்க்காரரின் மகன், வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். "கேட்டு, சாமி கூடாதுன்னு சொல்லிப்புட்டா என்ன செய்யிறது?" என்றாராம்.

இதை அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் பெரிய போராட்டம். கடைசியில் போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் ஒரே காரில் போகும்போது சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா கேட்டிருக்கக் கூடாதுடி" என்றாள். "கேக்காமப் போயிருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் பேசியதும் அவ்வளவுதான்.

பழைய முக்கு இருந்த இடம் வந்தபோது டிரைவரை நிறுத்தச் சொன்னாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மடங்காத காலை முதலில் வெளியே நீட்டி, கம்பை ஊன்றி இறங்கினாள். கும்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றவில்லை. ரோட்டின் இடது ஓரத்தில் போய் நின்றாள்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். சர்க்கார் கொடுத்த சைக்கிள்களில் பெண் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், பின்னல் ஆட, பேசிக்கொண்டு. ரோட்டோரத்தில் ஒரு கிழவி கம்போடு தனியாக நிற்பதைப் பார்த்து முன்னால் வந்த பிள்ளை வேகத்தைக் குறைத்தாள். ஏதாவது உதவி வேண்டுமோ என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு காலைத் தரையில் ஊன்றப் போனாள். பின்னால் வந்தவர்களும் பிரேக்கைப் பிடித்தார்கள்.

அக்கா கம்பைத் தூக்கி ஆட்டினாள். அவள் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

"இறங்காதீகத்தா! இறங்காதீக, போங்க! போங்கத்தா!"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, மறுபடி மிதித்துப் போனார்கள். கடைசிச் சைக்கிள் தாண்டும் வரை அக்கா கம்பை இறக்கவில்லை.